புல்வெளியில் ஓடியவன்

— பொய் சொல்லாதண்ணே. படத்துல எல்லாரும் கட்டிலை இழுத்துக்கிட்டு வெளிய வர்றாங்கல்ல, அவங்களுக்குப் பின்னால புல்வெளியில ஒத்தையா ஓடுறவன் நீதான்.

— அதுவும் சரிதான். நான்தான்.

— பின்ன ஏன் 'யாரோ'ன்னு சொன்ன?

— ஆமான்னு சொன்னா நீ கத்துவ, டெல்மா. இந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள்ள ஏற்கெனவே கத்துறதுக்கு ஆள் நிறைய. இது என்ன, ஆப்பிள் கேக்கா?

— ம். தின்னு. தின்னுக்கிட்டே கேளு. உங்களையும் வச்சு இங்க எடுத்த அந்தப் படம் போர்ட்லண்ட்ல ஓடாத தியேட்டரே இல்ல. தலைமை நர்ஸ் ஜன்னலைத் திறக்க மாட்டேங்குறா. சரி, நாங்களே காத்துக்கிட்ட போறோம்னு வார்டே கட்டிலோட கிளம்புது. அந்த இடத்துல பாட்டு இல்ல, வசனம் இல்ல. இரும்புக் கால் தரையில இழுபடுற சத்தம் மட்டும்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

— கட்டில் கனம். என் இடுப்பு போச்சு.

— விளையாடாதண்ணே. காலேஜ்ல அந்தப் படத்தைப் பத்தி ஒரு வாரம் பேசினாங்க. ஓடுறவன் மனுச குலத்தோட குறியீடாம். வக்கீல் வீட்டுப் பசங்க, டாக்டர் வீட்டுப் பசங்க, ஆளாளுக்கு அளந்து விட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சு, "அது குறியீடு இல்லடா, எங்க அண்ணன். மரம் அறுக்கிற மில்லுல வேலை பார்த்தவன், இப்ப நிஜமாவே அந்த ஆஸ்பத்திரியில இருக்கான், பேரு ஓரின்"னேன்.

— அடிப்பாவி! என்ன சொன்னாங்க?

— பக்கத்துல இருந்தவ நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டா.

— அதுவும் சரிதான். அவளுக்குப் பயம்.

— எது சொன்னாலும் அதுவும் சரிதானா உனக்கு? இதாண்ணே எரிச்சல். படத்துல பார், ஒருத்தன் கூடத் தலையை ஆட்டல.

— அவங்களுக்கு டைரக்டர் இருந்தாரு, புள்ள. ஆட்டாதன்னு சொல்ல.

— உனக்கு நான் இருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் டாக்டர் வருவாரு. "தங்கச்சியோட போறேன்"னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அனுப்பிருவாராம். ரெண்டு கட்டில் போட்ட ரூம் எடுத்திருக்கேன். ஒண்ணு காலியாத்தான் கிடக்கு.

— வீட்டுல தனியாவா சாப்பிடுற?

— பேச்சை மாத்தாத.

— நானும்தான். முப்பது பேரு ஒரே மேஜையில உக்கார்றோம், ஆனா தனித்தனியாத்தான். ஷூட்டிங் நடந்தப்போ அப்படி இல்ல. ஹீரோவா நடிச்சவன் என் தட்டுல இருந்த உருளைக்கிழங்கைத் திருடித் தின்னான். நர்ஸா நடிச்ச அம்மா, கொஞ்சம் நகருறீங்களான்னு கேட்டுச்சு. நகருறீங்களாவாம்! எங்களுக்கே சந்தேகம் வந்துருச்சு, யாரு நிஜ நர்ஸ்னு. அவங்க லாரியில சாமானெல்லாம் ஏத்திட்டுப் போன அன்னைக்கு, இந்த வராந்தா ரொம்ப நீளமாயிருச்சு.

— அப்போ வா, போலாம். இந்த வராந்தாவையும் விட்டுட்டு வா. சினிமாவுல அப்படி ஓடினவனுக்கு நிஜத்துல ஒரு எட்டு எடுத்து வைக்க ஏண்ணே இந்தப் பயம்?

— நல்லா ஓடினேனா?

— அழுதுட்டேன். அப்படி ஒரு நடிப்பு.

— முதல் தடவை நடிக்கல, டெல்மா.

— என்னண்ணே சொல்ற?

— கேமரா லாரி உள்ள வர்றதுக்காக கேட்டைத் திறந்து வச்சிருந்தாங்க. ஓடிட்டேன். காவக்காரன், சினிமாக்காரங்க ஓடச் சொல்லியிருக்காங்க போலன்னு நினைச்சு, "வேகமா ஓடு ஓரின்!"னு கை வேற தட்டினான்.

— அடப்பாவி... எதுவரைக்கும் போன?

— பஸ் நிக்கிற இடம் வரைக்கும். கால்ல ஆஸ்பத்திரிச் செருப்பு. போர்ட்லண்ட் போற பஸ்ஸுக்கு நின்னேன். உன் அட்ரஸ்தான் தெரியாது.

— நான்... நான் எழுதலண்ணே. காலேஜ்ல சேர்ந்தப்புறம் ஒரு வரிகூட எழுதல.

— அதுவும் சரிதான். படிப்பு இருந்துச்சு உனக்கு.

— சரின்னு சொல்லாத! பஸ் வரலையா?

— வந்துச்சு. கதவைக் கூடத் திறந்துட்டான் டிரைவர். அதே நேரத்துல ஒரு கார் வந்து நின்னுச்சு. சினிமாக்காரப் பையன் இறங்கி மூச்சு வாங்க ஓடி வந்தான். நான் ஓடினதை டைரக்டர் பார்த்தாராம், அசந்து போயிட்டாராம். ஆனா கேமரா ஓடலையாம், அதே மாதிரி இன்னொரு தடவை ஓடணுமாம். நீ பார்த்தது அதுக்கப்புறம் எடுத்தது.

— ஒரு சினிமாவுக்காகவா திரும்பி வந்த? பஸ் கதவு திறந்து கிடக்கு, ஏறித் தொலைக்க வேண்டியதுதானே! ஏண்ணே அந்தக் கார்ல ஏறின?

— "உன்னை எங்கெல்லாம் தேடுறது"ன்னு கேட்டான், டெல்மா. அதுவரைக்கும் அப்படி என்கிட்ட யாருமே கேட்டதில்ல.