மணலில் வெட்டிய குழி

காட்பாடி. வண்டி இன்னும் நிற்கவில்லை. கூட்டம் குதிக்கிறது. நான் மூட்டைகளை எண்ணுகிறேன். ஒன்று குறைகிறது.

"உட்டுட்டு வாங்க மாமா. உங்க கணக்கு முடியட்டும்னு கப்பல்காரன் காத்துனு இருப்பானா?" என்று கத்துகிறான் யாக்கோபு. என் மனைவி மரியத்தின் தம்பி. மரியம் சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் எங்கள் மகள் எஸ்தர். ஐந்து வயது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருக்கிறாள்.

1914, செப்டம்பர். ஜெர்மன் கப்பல் ஒன்று சென்னையைச் சுட்டிருந்தது. முதலில் சீழ்க்கை. பிறகு இடி. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நான் கணக்கு எழுதிய தோல் கிடங்கு துறைமுகத்துக்கு அருகில். எங்கள் வீடும் அங்கேயே. தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஒன்று காலியாக இருந்தது. நால்வரும் அதில் இறங்கிப் படுத்தோம். பிழைத்தோம். குழிதான் காத்தது என்று யாக்கோபு மனதில் பதித்துக்கொண்டான். எஸ்தர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

சொந்த ஊர் ஆம்பூர். போகப் பயம். "நம்ம ஊரு தோல்லதான் பட்டாளத்துக்கு பூட்ஸு. அடுத்த குண்டு அங்கதான்" என்றான் யாக்கோபு. கப்பல் கரையேறி வராது என்று அந்த வாரம் யாருக்கும் தோன்றவில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க அவன் காட்பாடிக்குத் தெற்கே, மலையடியில் உள்ள அமிர்திக் காட்டுக்குப் போய் வந்தவன். அங்கே போனோம்.

காட்டாற்றின் கரையில் பாறைக்கு அடியில் தங்கினோம். ஆற்றில் தண்ணீர் ஒரு கயிற்றின் அகலம். மற்றதெல்லாம் மணல். எங்களுக்குத் தெரிந்த ஆறு பாலாறு. வருஷம் முழுக்க மணல். தோண்டினால் ஊற்று. ஆறு என்றால் அவ்வளவுதான். கரை முழுதும் பாறை, மண்வெட்டி இறங்காது. யாக்கோபு ஆற்று மணலில் குழி வெட்டினான். நால்வர் படுக்கும் அளவு.

காட்டில் எல்லாமே குண்டாகக் கேட்டது. உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு சத்தமாகப் பிரித்தேன். கதவு திறப்பது போல் கிறீச்சிடுவது மூங்கில். ஆள் நடப்பது போல் சரசரப்பது காய்ந்த தேக்கிலை. கோடரி விழுவது போல் கேட்பது மரங்கொத்தி. எஸ்தரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கை இறங்கியது.

"அது இன்னாப்பா?"

"மூங்கில்."

"அது?"

"குரங்கு. பழத்துக்குச் சண்டை."

"மாமா மாதிரியா?"

"ஏய், எந்தக் குரங்குடி குழி வெட்டுது?" என்றான் யாக்கோபு. மரியம் சிரித்தாள். அந்தக் காட்டில் அவள் சிரித்தது அந்த ஒரு முறை. மறுநாள் எஸ்தரின் இன்னொரு கையும் இறங்கியது.

அதற்கடுத்த நாள். பிற்பகல். தலைக்கு மேலே வானம் வெளுப்பு. நான் சரிவில் சுள்ளி ஒடிக்கிறேன். மரங்கொத்தி நிற்கிறது. குரங்குகள் ஒன்றும் பேசாமல் மேலே ஏறுகின்றன. பிறகு ஒரு சத்தம். நான் பிரித்து வைத்தவற்றில் இல்லாதது. கல் உருளும் சத்தம். பாரவண்டிகள் பல ஒன்றாக வருவது போல. மலைக்கு அந்தப்புறம் இடி இடிக்கிறது.

"குண்டு! குழியில எறங்குக்கா!"

இறங்குகிறார்கள். மரியம் குழந்தையை மார்போடு அணைத்துக் குனிகிறாள்.

"மேல வா! மரியம், மேல வா!"

யாக்கோபு தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான். "நீங்க வாங்க மாமா, சீக்கிரம்!" என்று கையசைக்கிறான். எஸ்தர் காதைப் பொத்தியிருக்கிறாள்.

வளைவில் தண்ணீர் தெரிகிறது. சிவப்பு. ஆள் உயரம். முன்னால் அடித்து வரும் மரங்கள். சரிவில் பாதிகூட நான் இறங்கவில்லை. குழி இருந்த இடம் இல்லை.

பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வடிந்தது. மறுபடி மணல். மூங்கில் கிறீச்சிட்டது.

அந்தக் கப்பல் சென்னைக்குத் திரும்பி வரவேயில்லை. ஆம்பூரில் ஓர் ஓடுகூட உடையவில்லை. இப்போது மறுபடி யுத்தம் வரும் என்கிறார்கள். தெருமுனையில் தமாஷாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

போனவர்கள் மூவர். மரியம், யாக்கோபு, எஸ்தர். கிடைத்த உடல்கள் இரண்டு. எஸ்தர் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரு கட்டுச் சுள்ளி, நான். யுத்தத்தில் செத்தவர்கள் என்று கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். போய்ப் படித்தேன். இந்த மூன்று பெயர்கள் அதில் இல்லை. இங்கே சேர்க்கிறேன்.