ஒரு சாண் ஜன்னல்

அறைக்குள் ஹீட்டர் வைத்துக்கொள்கிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும், ஐயா. எண்ணெய், திரி எல்லாம் அதற்குப் பிறகு. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். இந்த அறையிலும் மூலையில் ஒன்று எரிகிறது. வந்ததும் கவனித்தேன். ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருக்கிறீர்கள். கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்கள். பிறகு பேசுகிறேன்.

நல்லது.

நான் சொல்வதையெல்லாம் நீங்கள் நீதவான் ஐயாவுக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் நல்லமுத்து. அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரச் சின்னதுரை பங்களாவில் சமையல்காரன். சின்னதுரையும் அவர் மனைவி துரைசானியும் போன வருடம் சீமைக்கே போய்விட்டார்கள். அதன் பிறகு அந்தப் பங்களாவுக்கு யாரும் குடிவரவில்லை. கூரை ஒழுகாமல், மரச்சாமான்களில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள என்னையும் என் மனைவி மீனம்மாவையும் அங்கேயே இருக்க விட்டார்கள். குசினிக்குப் பின்னால் எங்கள் அறை. எங்களோடு வடிவு. சண்முகவடிவு என்பது முழுப்பெயர். எட்டு வயது.

ஹீட்டரைத் துரைசானி எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். மண்ணெண்ணெயில் எரிவது. போவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எழும்பினால் திரி கருகியிருக்கிறது என்று அர்த்தம். அணைத்துவிட்டு வெட்ட வேண்டும். எரியும்போது எண்ணெய் ஊற்றக் கூடாது. ஈரத் துணியை மேலே காயப்போடக் கூடாது. தலை கனத்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். மூடிய அறையில் காற்று கெட்டுப்போகும், கெட்டது மூக்குக்குத் தெரியாது என்றார். "தூக்கம் வரும் முத்து. நல்ல தூக்கம். அதுதான் மோசம்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

அதில் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. வடிவுக்கு மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். அவள் படுக்கும்போது ஹீட்டரை ஏற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, அவள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தூங்கியதும் அணைத்துவிடுவேன். கீழே தொழிலாளர் லயத்தில் உள்ளவர்கள், பெற்றவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்பார்கள். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள்.

வடிவு நாங்கள் பெற்ற பிள்ளை அல்ல. மீனம்மாவின் தங்கை நாகலெட்சுமி டயகமவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கும் அவள் புருஷன் கந்தப்பனுக்கும் வரிசையாக மூன்று பெண்கள். எங்களுக்குப் பிறந்தவை தங்கவில்லை. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது நாகலெட்சுமியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். "வச்சுக்கக்கா. ஒன் மடியில வளரட்டும்" என்று மீனம்மாவிடம் கொடுத்தாள். கொடுத்தாள் என்ற சொல்லை அப்படியே மாற்றிச் சொல்லுங்கள், ஐயா. இரவல் தரவில்லை. கொடுத்தாள்.

வடிவுக்கு அது தெரியாது. என்னை அப்பா என்பாள். அவர்களைச் சித்தி, சித்தப்பா என்பாள்.

பிறகு கந்தப்பனுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்தது. எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிப் பல வருடமாகிவிட்டது அல்லவா. நான் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டேன், கிடையாது என்று பதில் வந்தது. கந்தப்பன் கண்டிக்குப் போய் இந்தியாக்காரனாகப் பதிந்துகொண்டான். அவன்மேல் தப்பில்லை. வடிவு பிறந்தபோது அவர்கள் பெயரில்தான் பதிவு. ஆகவே கப்பலேற வேண்டியவர்களில் அவளும் ஒருத்தியாக இருந்தாள்.

பங்குனியில் இரண்டு பேரும் வந்து சொன்னார்கள்.

"அண்ணே, அங்க போயிட்டா இனி வருவோமோ மாட்டோமோ. ஒரு புள்ளைய மட்டும் இங்க விட்டுட்டுப் போனா இவ கப்பல்லயே செத்துருவாண்ணே" என்றான் கந்தப்பன். நாகலெட்சுமி வடிவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு, முடியாது என்று சொல்லி அனுப்பு என்று மீனம்மாவிடம் சொன்னேன்.

"பெத்தவ கேக்குறா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்றது?" என்றாள். "நம்ம கையில என்னங்க இருக்கு? அங்க போனா அதுக்குன்னு ஒரு ஊராவது இருக்கும்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் மறுநாளே வடிவுக்குப் புதுச் சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டாள். அதற்காக அவளை நான் வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான். கைப்பிள்ளையாக வாங்கியவள், எப்படி இவ்வளவு சீக்கிரம் ஊசியில் நூல் கோத்தாள் என்று.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னவளும் மீனம்மாதான். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். வடிவு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க எனக்கு அப்பா இல்லையா?"

"யாரு சொன்னா?"

"அம்மா."

"அப்ப அம்மாகிட்டயே போய்க் கேளு" என்றேன்.

கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்தேன். அவள் மெதுவாக நடந்து குசினிக்குள் போனாள்.

ஆனி மாதம் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. பிறகு தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல். ஏற்பாடு ஆனதிலிருந்து நான் திரியை வெட்டவில்லை. வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்று போலீசில் சொன்னேன். காலிப் பங்களாவில் அப்படி என்ன வேலை, ஐயா? ஹீட்டரைத் துணி போட்டு மூடி எடுத்து வைத்துவிட்டேன். வடிவு படுக்கும் அறையில் அதன் பிறகு ஏற்றவே இல்லை. அந்த விஷயத்தில் கவனமாக இருந்தேன்.

அன்றைக்கு மூத்த பெண்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புருஷனும் பெண்சாதியும் மட்டும் வந்தார்கள். பஸ்சிலிருந்து இறங்கி மழையில் மேடேறி வந்ததில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். நான் கோழிக் குழம்பு வைத்திருந்தேன். வயிறாரச் சாப்பிட்டார்கள். கந்தப்பன் சாப்பிட்டு முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க கையால இனி எப்பண்ணே சாப்புடப் போறேன்" என்று கண்கலங்கினான். அவன் நல்லவன். அதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை.

மீனம்மா வடிவுக்கு ரிப்பன் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு கீழே கடைக்குப் புறப்பட்டாள். பஸ்சுக்கு இன்னும் நேரமிருந்தது. கொஞ்சம் படுங்கள் என்று அவர்களுக்கு விருந்தாளி அறையைத் திறந்துவிட்டேன். சின்ன அறை. பின்வராந்தாவைப் பார்த்தபடி ஒரே ஜன்னல். ஹீட்டரை ஏற்றினேன். சுடர் மஞ்சளாக எழும்பியது. நாகலெட்சுமி இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

"நல்லா இருக்கு மாமா. எங்க லயத்துல இப்புடி ஒண்ணு இருந்திருந்தா புள்ளைங்க இருமாம தூங்கியிருக்குங்க."

நனைந்த சேலையை அதன்மேல் போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன்.

குசினிக்குப் போய் ஒரு சாக்கை எடுத்து வந்தேன். அறைக் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும் என்பதற்காகப் போட்டேன் என்று போலீசில் சொன்னேன். கதவுக்கு மேலே காற்றுப் போக ஒரு துவாரம் உண்டு. அதை முந்தின நாளே அடைத்திருந்தேன். பின்வராந்தாவுக்குப் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தி, இடுக்கில் சாக்கைச் சொருகினேன். பிறகு குசினியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நோகக் கூடாது என்று நினைத்தேன். நோகாது என்று துரைசானியே சொல்லியிருந்தார். மூத்த பெண்களை நாங்களே எடுத்து வளர்க்கலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன். யாரையும் தெருவில் விட நினைக்கவில்லை.

மழை வலுத்ததும் மீனம்மா வடிவைப் பாதி வழியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் குசினியில் சாக்கு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை முன்வாசலால் வந்து நேராக அந்த அறைக்குள் போயிருக்கிறாள். அறை கதகதப்பாக இருந்தது. எந்தப் பிள்ளையும் போகும்.

மீனம்மா வந்துதான் கொண்டியை எடுத்தாள். கந்தப்பனும் வடிவும் போய்விட்டார்கள். நாகலெட்சுமி எப்போதோ விழித்து ஊர்ந்து வந்து கதவோரம் விழுந்து கிடந்தாள். கதவின் அடியிடுக்கில் மூக்கு இருந்ததால் மூச்சு இருந்தது. மீனம்மா அவளைத் தனியாகவே மழைக்குள் இழுத்துப் போட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி வந்தாள். பிள்ளையை மடியில் வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து பின்வராந்தாவுக்குப் போனாள். சாக்கை உருவி என்னிடம் கொண்டு வந்தாள்.

"இது என்னங்க?"

"சாக்கு" என்றேன்.

போலீஸ் வந்ததும் அதை அவர்கள் முன்னால் வைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலருகே இருக்கிறாள். என்னைப் பார்க்க வரவில்லை.

வடிவு உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று போலீசில் மூன்று தரம் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பாவம் என்றுகூடச் சொன்னார். அந்த டீ எனக்கு இறங்கவில்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்.

ஜன்னலில் சாக்கைச் சொருகும்போது உள்ளே பேச்சுக் கேட்டது, ஐயா.

"அம்மா, கப்பல்ல போறப்போ கடல் தண்ணி உள்ளாற வருமா?"

மீனம்மா கடையில் இருந்தாள். அம்மா என்று பிள்ளை யாரைக் கூப்பிட்டது என்று எனக்கு உடனே விளங்கியது. நாகலெட்சுமி சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சாக்கு பாதிதான் உள்ளே போயிருந்தது. மீதியையும் தள்ளினேன்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பக்கத்தில், சின்னக் கையால். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, தல வலிக்குதுப்பா. இவங்க எந்திரிக்க மாட்டேங்குறாங்க. கதவத் தெறங்க."

எட்டு வருடமாகக் கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள். அப்பா என்றுதான். கொண்டியில் கை வைத்தேன். திறந்தால் அவர்களும் பிழைத்துக்கொள்வார்கள். பிழைத்தால் பஸ்சுக்குப் புறப்படுவார்கள். அவள் கையை நாகலெட்சுமி பிடித்திருப்பாள்.

"படுத்துக்கம்மா. தூங்குனா சரியாப் போயிரும்" என்றேன்.

"சரிப்பா" என்றாள். பேச்சுத் தட்டாத பிள்ளை. போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதைத்தான் நீங்கள் நீதவான் ஐயாவுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அழ வேண்டாம். இருந்து, நிதானமாகச் சொல்லுங்கள்.

நாகலெட்சுமி தேறிவிடுவாள் என்கிறார்கள். தேறியதும் மற்றப் பெண்களோடு கப்பலேறிவிடுவாள். வடிவு போக வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்திலேயே, மேல்மலையில் சவுக்கு மரத்தடியில் இருக்கிறாள். மீனம்மா நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதை அவளுக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொன்னால், என்னைப் பார்க்க வருவாள், ஐயா.