ரொக்காவெர்னாவின் மூக்கு

வெள்ளை ட்ரஃபிளுக்கு முட்டைதான் சரியான துணை. வெண்ணெயில் உடைத்து ஊற்றிய முட்டை. வெள்ளைக்கரு இறுகியிருக்க வேண்டும், மஞ்சள்கரு இளகியிருக்க வேண்டும். ட்ரஃபிளை அதன்மேல் காகிதம்போலச் சீவிப் போட்டு, ஆவி அடங்குவதற்குள் குனிந்து முகர வேண்டும். மற்ற எதைப் பற்றியும் வாதாடலாம், மரெஷல்லோ. உங்கள் காவல் நிலையத்துக் காப்பியைப் பற்றிக்கூட. காலையிலிருந்து மூன்று கோப்பை குடித்துவிட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டதே.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மலையில் ஓக் மர வேரை ஒட்டி, மண்ணுக்கடியில், உருளைக்கிழங்குக்கு ஏதோ நோய் வந்ததுபோல ட்ரஃபிள் என்று ஒரு காளான் விளைகிறது. அதற்கு உலகம் தங்கத்துக்குப் பக்கத்து விலை கொடுக்கிறது. அந்த விலை முழுக்க வாசனைக்கு. ஆகவே வாசனை இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக ரொக்காவெர்னா சந்தையில் அதைச் சொன்னவன் நான். அதற்காகப் பச்சை வெல்வெட் அங்கி, தோளில் மஞ்சள் பட்டை, சாய்மானம் உயர்ந்த ஒரு நாற்காலி. நாற்காலி தேவாலயத்தின் பழைய பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து பெயர்த்தெடுத்தது. உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். எழுந்திருக்க மட்டும் மனம் வராது.

ஆறு வருடங்களுக்கு முன் சந்தை விருந்தில் மிதமான குடியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது படி தவறிப் பின்னால் விழுந்தேன். பின்மண்டையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். மறுநாள் காலை சோப்புக்கும் சீஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டூரினில் ஒரு டாக்டர் படமெடுத்துப் பார்த்து, நரம்பு அறுந்துவிட்டது, இனி வராது என்றார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். "பென்ஷன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விலகியிருக்க வேண்டும் என்பீர்கள். விலகத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வருடம்தான் என் புகழ் ஏறியது. மூக்கு இருந்த காலத்தில் முகர்ந்து பார்த்து, "நல்லது" என்பேன், அல்லது "தேறாது" என்பேன். மூக்கு போனபிறகு அப்படிச் சுருக்கமாக முடிக்க முடியவில்லை. எதையாவது பேசியாக வேண்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், விற்பவன் முகத்தைப் பார்ப்பேன், கண்ணை மூடி இருபதுவரை எண்ணுவேன். பிறகு, "மழை நனைத்த வைக்கோல். தேன்கூட்டின் மெழுகு. விதவையின் அலமாரி," என்பேன். கூட்டத்தில் பெருமூச்சு கேட்கும். ஹாங்காங்கிலிருந்து ஒரு வியாபாரி அந்த அலமாரிக்காகவே மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ட்ரஃபிள் தோண்டிய ஐந்தாம் நாள் சோரத் தொடங்கும். பத்தாம் நாள் அது வெறும் கிழங்கு. அதனால் தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, அன்றைய விமானத்திலேயே டோக்கியோவுக்கும் துபாய்க்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான் கையெழுத்திட்ட வர்ணனை அட்டை இருக்கும். பெட்டிக்குள் என்ன இருந்தாலும், அங்கே மேசையில் முதலில் அட்டையைப் படிப்பார்கள், பிறகு முகர்வார்கள். ஆறு வருடத்தில் ஒரு புகார் வரவில்லை. உலகத்தில் மூக்கில்லாதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அதிலிருந்து ஆறுதல் கொண்டேன்.

என்மேல் சந்தேகப்பட்ட முதல் ஆள் ப்ரிச்சோலா. ரொட்டித் துணுக்கு என்று அர்த்தம். ஒனொரினாவின் நாய், பழுப்பு வெள்ளை, ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். ஒனொரினாவுக்குப் புருஷன் போய் எட்டு வருடம். இரண்டு பெண்கள் டூரினில் படிக்கிறார்கள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள், மண்ணுக்கடியில் ட்ரஃபிளை மோப்பம் பிடிக்கிற அந்த நாய்தான். இந்த மலையில் அதற்கு ஈடான மூக்கு கிடையாது. ஒரு காலத்தில் இரண்டு இருந்தன.

சந்தை திறந்த ஞாயிற்றுக்கிழமை, வியாபாரி கஸ்பாரே எண்ணூற்று நாற்பது கிராம் எடையில் ஒரு ட்ரஃபிளைப் பட்டுத் துணியில் வைத்துக் கொண்டுவந்தான். எதிரே காணொளித் திரையில் ஹாங்காங் உட்கார்ந்திருந்தது. நான் நான்கு நிமிடம் பேசினேன். பனிமூட்டம், காட்டுப் பூண்டு, ஒரு பாதிரியாரின் கையுறை. அப்போது ப்ரிச்சோலா கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து வந்து மேசைமேல் முன்கால் வைத்தது. ட்ரஃபிளை முகர்ந்தது. தும்மியது. திரும்பிப் போய், யாரோ கீழே போட்டிருந்த சலாமி இறைச்சித் தோலை முகர்ந்துகொண்டே நின்றது.

மண்டபம் குலுங்கியது. ஒனொரினா பின் வரிசையிலிருந்து கத்தினாள்:

"பார்பா எவாசியோ, உங்க பாதிரியார் கையுறைய என் நாய்க்குப் பிடிக்கல போல."

பார்பா என்றால் மாமா. நம் பக்கம் எந்தக் கிழவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று அது எனக்கு வயதை மட்டும் சொன்னதாகப்பட்டது.

கஸ்பாரே முகம் சிவந்து, "நாய்க்கு என்னம்மா தெரியும், அது சலாமி திங்கிற ஜாதி" என்றான்.

"திங்கலயே, பாரு. மோந்துதான் பாக்குது. கீழ கெடக்குறத அது தொடாது. உன் சரக்கு ஃப்ரிட்ஜுல எத்தன நாளு தூங்குச்சுன்னு கேட்டா சொல்லும்."

நம் மேயர் எந்தச் சிரிப்பையும் வீணாக்காதவர். எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூடிய ஆறு கிண்ணங்கள், ஒன்றில் மட்டும் நல்ல ட்ரஃபிள். எவாசியோவா ப்ரிச்சோலாவா என்று அறிவித்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். அதில் என் படமும் நாயின் படமும் ஒரே அளவு. நாயின் படம் நன்றாக வந்திருந்தது.

எனக்குக் காய்ச்சல் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன், வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒனொரினா வீட்டுக்குப் போனேன். போட்டி ஒரு கலைக்கு இழிவு, நாயைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள் என்று கேட்கப் போனேன். அவள் என்னை உட்கார வைத்து முட்டை போட்டாள். மேலே எதையோ தாராளமாகச் சீவினாள். "சாப்பிடுங்க பார்பா" என்றாள்.

நான் குனிந்து, கண்ணை மூடி, இருபதுவரை எண்ணினேன். "கிழக்குச் சரிவு. வயதான ஓக். நேற்றுக் காலை எடுத்தது," என்றேன்.

மேசைக்கடியில் ப்ரிச்சோலா தூங்கிக்கொண்டிருந்தது. ட்ரஃபிள் சீவும் வீட்டில் எந்த நாயும் தூங்காது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"பார்பா, அது கிழங்கு. பன்றிக்குப் போடுற சூரியகாந்திக் கிழங்கு."

நான் மென்றுகொண்டிருந்தேன். நடுவில் நிறுத்துவது நாகரிகமாகப்படவில்லை.

"எத்தன வருஷமாச்சு?" என்று கேட்டாள்.

"ஆறு."

"அட கடவுளே. இத்தன வருஷம் ஒத்தையில வச்சுக்கிட்டு இருந்தீங்களா? சொல்லிடுங்க பார்பா. ஊரு ஒரு வாரம் சிரிக்கும். அப்புறம் மேயர் வேற எதுலயாவது விழுவாரு, அதுக்குச் சிரிக்கப் போயிடும்."

அவள் கண் கலங்கியிருந்தது. கேலி செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்; கேலிக்கு எனக்குப் பயிற்சி உண்டு. இரக்கத்தை யாரும் முன்பு எனக்குச் சீவிப் போட்டதில்லை.

புதன்கிழமை சமைத்தேன். நான் மோசமான சமையல்காரன் இல்லை. கன்றிறைச்சியைக் கொத்தி, பார்ஸ்லி இலை சேர்த்து, எலுமிச்சைத் தோல் கொஞ்சம் துருவி, இரண்டு உருண்டை பிடித்தேன். தோட்டத்து நத்தைகளுக்கு வைத்திருந்த மருந்தையும் சேர்த்தேன். இந்த மலையில் இது புதிய பண்டம் இல்லை. போட்டிக்காரனின் நாய் நடக்கிற பாதையில் இதுபோன்ற உருண்டைகளைப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போகிறவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எப்போதும் அவர்களைக் கண்டித்துப் பேசியவன். என் உரை பள்ளி ஆண்டுமலரில்கூட வந்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஒனொரினா வாரச் சந்தைக்குப் போவாள். பத்து மணிக்கு அவள் முற்றத்துக்குப் போனேன். ஆனால் ப்ரிச்சோலா தரையில் கிடப்பதை எடுக்காது. குட்டியிலிருந்தே அப்படிப் பழக்கியிருந்தாள். யாராவது நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது ஒன்றே ஒன்றுக்காகத்தான் வாய் திறக்கும். ட்ரஃபிளைத் தோண்டி எடுத்து, நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தலைதூக்கிப் பார்க்கும். அப்போது கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். அது கூலி. கூலியை அது முகர்ந்து பார்ப்பதில்லை.

எனவே நான் வேலை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டு அலமாரியில் பரிசாக வந்த ட்ரஃபிள்கள் மூன்று இருந்தன. எது நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றையும் கொண்டுபோய் ஹேசல் மரத்தடியில் தனித்தனியாகப் புதைத்தேன். கஸ்பாரே கொடுத்த துண்டை ப்ரிச்சோலா கடந்து போனது, நின்றுகூடப் பார்க்கவில்லை. மேயர் கொடுத்ததன்மேல் சிறுநீர் கழித்தது. மூன்றாவதை மட்டும் தோண்டியது. ஆறு வருடத்தில் என் அலமாரிக்கு நடந்த ஒரே நேர்மையான பரிசோதனை அதுதான்.

மண்ணோடு கொண்டுவந்து என் கையில் வைத்தது. நிமிர்ந்த காது ஆடவில்லை. என்னைப் பார்த்தது. நான் கூலியைக் கொடுத்தேன்.

ஒன்றைத் தின்றது. இரண்டாவதை வாயில் கவ்விக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் எங்கோ புதைத்துவிட்டு வந்தது. நான் தேடிப் பார்த்தேன். புதைத்ததைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல மூக்கு வேண்டும், அல்லது ஒரு நாய் வேண்டும். அந்த நேரத்தில் முற்றத்தில் இரண்டும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. கிளம்பும்போது வெளிக்கதவைத் தாழிட்டேன். திறந்து கிடந்தால் நாய் சாலைக்கு ஓடி வண்டியில் அடிபடும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஆறு கிண்ணங்களையும் வைக்கவில்லை. ப்ரிச்சோலாவின் கழுத்துப்பட்டையை வைத்திருந்தார்கள். மேயர் என்னைப் பேசச் சொன்னார். "இன்று நம் மலை தன் மூக்கை இழந்தது," என்றேன். பெண்கள் அழுதார்கள். கஸ்பாரே அழுதான். எனக்கும் கண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை, நன்றாக வந்த வாக்கியங்கள் என்னை எப்போதும் நெகிழ்த்தும். ஒனொரினா மட்டும் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது முடிந்து ஒரு மாதம் கழித்து, இன்று காலை நீங்கள் என்னை அழைத்ததில் எனக்குப் பெருமைதான், மரெஷல்லோ. விஷ உருண்டை கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடைத்தது, முகர்ந்து பார்த்து அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல இந்த மாவட்டத்திலேயே உங்களை விட்டால் ஆள் இல்லை என்றீர்கள். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி அழைத்தால் நான் தூக்குமேடைக்கும் அங்கி போட்டுக்கொண்டு வருவேன். மேசையில் மண்ஜாடி, வாயில் துணி கட்டியிருந்தது. நான் குனிந்தபோது நீங்கள் ஜன்னல் பக்கம் போனீர்கள். எழுத்தர் கைக்குட்டையை எடுத்தார். நாய்க்காக அனைவரும் கலங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இருபதுவரை எண்ணினேன். "கன்றிறைச்சி," என்றேன். "பார்ஸ்லி. அடியில் கசப்பாக ஏதோ மருந்து. மேலே, லேசாக, துருவிய எலுமிச்சைத் தோல்."

நீங்கள் துணியை அவிழ்த்தீர்கள். மூன்று வாரம் வெயிலில் வைத்த கோர்கொன்சோலா சீஸ். வாசலில் நின்றிருந்த கால்நடை டாக்டர் வாந்தியெடுக்க வெளியே ஓடினார். எலுமிச்சைத் தோல் என்ற விஷயம் பரிசோதனை அறிக்கையைத் தவிர வேறெங்கும் இல்லை என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். ஜாடி யோசனை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவள் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"முட்டைக்கும் இதையேதான் பண்ணீங்க பார்பா," என்றாள். "அன்னிக்கு எனக்குப் பாவமா இருந்துச்சு."

இவ்வளவுதான் நடந்தது. நானே தனியாகச் செய்தேன், தெளிந்த புத்தியோடு செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். அவள் உங்களிடம் கூறியது உண்மை. "நீங்க கவலப்படாதீங்க பார்பா. ஞாயித்துக்கிழம நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு நானே மேயர்கிட்ட சொல்லிடறேன். உங்க விஷயம் என்னைத் தாண்டிப் போகாது," என்றாள். சொன்னால் செய்கிறவள். ஆகவே போட்டி செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது, வியாழக்கிழமை எனக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் 'அவமானத்துக்குப் பயந்து கொன்றேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஒனொரினா இந்த ஊரில் பொய் சொல்லாத ஒரே பெண். என் பொருட்டு அவள் மேயர் முன்னால் நின்று, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்ல வேண்டி வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்த்தேன்.