நல்ல வெண்ணெய்

"இதுல அப்படி என்னதான் போடுற, கோரி?"

"வெண்ணெய்."

"வெறும் வெண்ணெயா?"

"நல்ல வெண்ணெய்."

"எங்கம்மாவும் வெண்ணெய்தான் போட்டாங்க. அதக் கடிச்சா பல்லு போயிடும். நாய்க்குப் போட்டோம், அது தோட்டத்துல குழி தோண்டிப் புதைச்சிட்டு வந்திடுச்சு."

நான் சிரித்தேன். என் கணவர் வெண்டல் பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். அவர் எப்போதும் பெரிய பாதியைத்தான் கொடுப்பார். இனிப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

நான் பெரிய சமையல்காரி இல்லை. ஓட்ஸ் பிஸ்கட் மட்டும் நன்றாக வரும். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் ஆரம்பம். போன குளிர்காலம், செலா என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டுச் சமையலறை. வெண்டலின் ஓட்டுநர் உரிமம் அப்போது பறிபோயிருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான குளிர்காலம் வேறு இருந்ததில்லை.

வெண்டல் ஆப்பிள் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகு போயிற்று. மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் அவரை மந்தமாக்கின. கஞ்சா எங்கள் மாநிலத்தில் சட்டப்படியே கடையில் கிடைக்கிறது. படுக்கப் போகுமுன் கொல்லையில் நின்று கொஞ்சம் இழுப்பார், வலி குறைந்து தூங்குவார். காலையில் எழுந்து குறுக்கெழுத்துப் புதிரை என்னைவிட வேகமாகப் போட்டு முடிப்பார். போதையில் வண்டி ஓட்டுகிற மனிதர் இல்லை அவர். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எல்லன்ஸ்பர்க் போவார். அங்கே அவருடைய மகள் மெரிடித் இருக்கிறாள். பேத்தி ஐவி இருக்கிறாள். முதல் மனைவி டீயானாவும் நான்கு வீடு தள்ளி இருக்கிறாள், ஞாயிறு மதியச் சாப்பாட்டை அவள்தான் சமைப்பாள். என்னையும் கூப்பிடுவார்கள். நான் போனால் மெரிடித் கார் கொட்டகையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். பதினொரு வருடம் அதே மடக்கு நாற்காலி. சாப்பாட்டு மேஜையில் டீயானா, "வெண்டல், அந்தப் பன்னிக்குட்டி கதையச் சொல்லேன்" என்பாள். எல்லோரும் கதைக்கு முன்னாலேயே சிரிப்பார்கள். அந்தப் பன்றிக்குட்டி எனக்கு முந்தைய காலத்தது. பிறகு நான் போவதை விட்டுவிட்டேன். ஆற்றோரம் மலைக்கு நடுவே வளைந்து போகிற அந்தச் சாலை எனக்குப் பயம் என்று சொல்லிவிட்டேன்.

போகாதே என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பேத்தியைப் பார்க்கப் போகிறவரைத் தடுக்கிற பெண்ணாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறன்று, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர்கள் அவர் வண்டியை நிறுத்தினார்கள். மேலங்கியில் கஞ்சா வாடை. ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் கஞ்சாவின் போதைச் சத்து ஐந்து நானோகிராம் வரை இருந்தால் சட்டம் விடும். அவருக்கு எட்டு.

"முந்தின ராத்திரி தூங்கறதுக்கு இழுத்தது, மறுநாள் மத்தியானம் எப்படிப் போதையாகும்?" என்று வெண்டல் சமையலறையில் நடந்துகொண்டே கத்தினார். "கோடு போட்டு நடக்கச் சொன்னான், நடந்தேன். ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னான், இந்த முதுக வச்சிக்கிட்டு நின்னேன். மூக்கத் தொடச் சொன்னான், தொட்டேன். இன்னும் என்ன, மரத்துல ஏறிக் காட்டணுமா?"

"மரம் வேண்டாம். ஏற்கெனவே விழுந்திருக்க."

"சிரிக்காத கோரி, வயித்தெரிச்சலா இருக்கு."

மூன்று மாதம் உரிமம் இல்லை. கஞ்சாவை அறவே விட்டு, மாதம் ஒரு முறை ரத்தம் கொடுத்து, அது ஐந்துக்குக் கீழே வந்தால்தான் திருப்பித் தருவோம் என்றார் நீதிபதி. வெண்டல் அன்றே கஞ்சா ஜாடியைக் குப்பையில் போட்டார். பிறகு ஒரு தடவைகூட அவர் இழுக்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஜாடியைக் குப்பையிலிருந்து எடுத்தது நான்.

அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியவில்லை என்பது முதல் காரணம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இலையைச் சின்னத் தீயில் வெண்ணெயோடு காய்ச்சி, வடிகட்டி, இலவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் வாடை தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிஸ்கட். நன்றாகத் தூங்கினார். நான் போட்டுக் கொடுத்த மூலிகைத் தேநீர்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கான பிஸ்கட் நீல டப்பாவில், வருகிறவர்களுக்கான சாதா பிஸ்கட் சிவப்பு டப்பாவில். நான் ஒரு நாளும் டப்பாவை மாற்றி எடுத்ததில்லை. அந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் கொடுத்தார். ஒன்பது வந்தது.

அந்தத் தாளைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை. கடைக்காரன் கணக்கில் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தும் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தொடவே இல்லையே, கோரி" என்றார். தெரியும் என்றேன். அவரை நம்பிய ஒரே ஆள் நான்தான். அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்த நெருக்கத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரம் துண்டுப் படப்புதிரை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவோம். அவர் ஓரத் துண்டுகளைத் தேடுவார், நான் வானத்தை அடுக்குவேன். எங்கள் வீட்டில் மடக்கு நாற்காலி கிடையாது.

அடுத்த மாதம் ஏழு. அவருடைய வக்கீல் எம்மெட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நெடுநாள் பழக்கமுள்ளவர்களின் கொழுப்பில் அது தங்கிவிடும், மூளை தெளிவாக இருந்தாலும் ரத்தத்தில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும் என்று யாரோ ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்களாம். "உங்க புருஷன் ரத்தம் ஒரு சாட்சிங்க" என்றார் என்னிடம். "இந்தச் சட்டம் எவ்வளவு முட்டாள்தனம்னு காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது." மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றக் குழு இதைப் பற்றி விசாரணை வைத்தது. எங்களையும் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு நாள் முழுக்க அந்த ஐந்தைப் பற்றிப் பேசினார்கள். நோயாளிகள், போலீஸ்காரர்கள், வக்கீல்கள். சாராயத்துக்கு வைத்த மாதிரி இதற்கும் ஓர் அளவு வைத்தது தப்பு என்றார் ஒருவர், அளவே இல்லாவிட்டால் எப்படிப் பிடிப்பது என்றார் இன்னொருவர். மேலும் ஆராய வேண்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். ரோசலின் டான்ஃபோர்த் என்று ஒரு அம்மா வந்திருந்தாள். அவள் மகனை வண்டியால் மோதிக் கொன்றவனுக்கு நான்கு மணி நேரம் தாமதமாக ரத்தம் எடுத்ததில் இரண்டுதான் இருந்ததாம். ஐந்துக்குக் கீழே என்பதால் அந்த வழக்கு நிற்கவில்லை. தெளிவாக இருந்த என் கணவருக்கு ஒன்பது, போதையில் இருந்த அவனுக்கு இரண்டு. அவளும் வெண்டலும் ஒரே எண்ணைத் திட்டிக்கொண்டு எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே சலிப்பாகிவிட்டது.

வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். "நான் விட்டு அறுவது நாளாச்சு. வலியில ராத்திரி சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்தவன் நான். என்னைப் பொய்யன்னு சொல்றது ஒரு தாளு. அந்தத் தாள்கிட்ட நான் எப்படிச் சண்ட போடறது?" பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் கணவர் பொய் சொல்கிறவர் இல்லை என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

தாழ்வாரத்தில் ரோசலின் என்னைத் தேடி வந்தாள். "உங்க வீட்டுக்காரர் புளுகறார்னுதான் நெனச்சேன்" என்றாள். "அவர் முகத்தப் பாத்தேன். அப்படித் தெரியல. மன்னிச்சிடுங்க." பாவம், சாப்பிடாமல் இருந்தாள். ஒரு பிஸ்கட் கொடுத்தேன். சிவப்பு டப்பாவிலிருந்துதான்.

வெண்டலின் அந்தப் பேச்சே எனக்கு எதிராகத் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செய்தியில் எல்லாம் வந்தது. எண்ணை மட்டும் வைத்து இந்த மனிதரைத் தண்டிக்க முடியாது என்று மே மாதம் நீதிபதி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எம்மெட் எங்கள் வீட்டுக்கு வந்து வெண்டலைக் கட்டிப்பிடித்தார். வெண்டல் என்னைக் கட்டிப்பிடித்து, "உன்னாலதான் கோரி, எல்லாம் உன்னாலதான்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து எல்லன்ஸ்பர்க்குக்குப் பேசினார். "ஐவிகிட்ட சொல்லு, தாத்தா ஞாயித்துக்கிழம வரேன்னு. டீயானாவ அந்த மாட்டுக்கறி வறுவலப் பண்ணச் சொல்லு."

அந்த வறுவலை நான் இரண்டு தடவை செய்து பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உப்பு போட்டுக்கொள்வார்.

ஞாயிறு காலைக்கு நான் புதிதாக ஒரு தட்டு சுட்டேன். கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஜாடியில் மிச்சம் இருந்ததெல்லாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபியோடு இரண்டு சாப்பிட்டால் சோபாவில் தூங்கிவிடுவார், எழும்போது மதியம் தாண்டியிருக்கும், இனிமேல் எதற்கு என்று விட்டுவிடுவார். அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு மனைவி தன் கணவர் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அவர் காபி மட்டும் குடித்தார். "வறுவலுக்கு வயித்துல எடம் வேணும்" என்றார். பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, நீல டப்பாவைத் திறந்து பிஸ்கட்டையெல்லாம் ஒரு காகிதப் பையில் கொட்டிக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தேன். வண்டியில் ஏறுமுன் பையைத் தூக்கிக் காட்டி, "வழிக்கு!" என்றார்.

கூப்பிட்டிருக்கலாம். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கையசைத்தேன்.

ஆற்றோரச் சாலையின் அந்த வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தித் தூண்டிலை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் கெல்சி ஓர்ட்டேகா என்று பிறகு சொன்னார்கள். பல் மருத்துவமனையில் வேலையாம், ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறையாம். அவளுக்காக நானும் வருத்தப்படுகிறேன். வளைவுக்கு அவ்வளவு பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டாம்.

வண்டி மோதியதில் அவள் இறந்தாள், வெண்டலுக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி. இந்தத் தடவை ரத்தத்தில் முப்பத்தொன்று. எம்மெட் வழக்கை விட்டு விலகிக்கொண்டார். ஒலிம்பியாவில் அவருக்காகக் கண் கலங்கியவர்கள் எல்லாம் அவரைப் பொய்யன் என்று எழுதினார்கள். ரோசலின் டான்ஃபோர்த் தொலைக்காட்சியில் பேசும்போது எனக்காகப் பரிதாபப்பட்டாள். எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது ஒன்று. சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெண்டல் என்னிடம் கேட்டார்: "ஒருவேள நான் இழுத்துட்டு மறந்துட்டேனோ, கோரி? தலை கெட்டுப்போச்சோ? எனக்கு அந்தப் பொண்ணு முகம் மட்டும் ஞாபகம் இருக்கு." இல்லை என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அது ஜூன் மாதம்.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபமில்லை. போன வாரம் சிறைக்குப் போனபோது பார்வையாளர் நேரம் நிரம்பிவிட்டது என்றார்கள். டீயானா வந்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் வருகிறாளாம்.

அதனால் இன்று காலை, உங்களிடம் வருமுன், முதலில் அவரிடம் சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஜாடி, வெண்ணெய், டப்பா, ஜன்னல் எல்லாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகு வலி இருக்கும்போது உட்காருவாரே, அப்படி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தனியாக இருப்பேன் என்றேன்.

"கேட்டிருக்கலாமே" என்றார். குரல் மிகவும் மெதுவாக வந்தது. "பதினொரு வருஷம், கோரி. போகாதேன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் போயிருப்பேனா?"

அவர் தொலைபேசியை வைக்கப் போனார். நான் கண்ணாடியைத் தட்டினேன். மறுபடி காதில் வைத்தார்.

"இந்த ஞாயித்துக்கிழம டீயானாவப் பாக்கப் போகாத, வெண்டல்" என்றேன். "எங்கூட இரு."