தங்கம்மாளின் இரண்டாம் குரல்

2025 சனவரி 21, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.40. சிதம்பரத்தில் வெயில் ஏறியும் பனி முழுமையாக விலகியிருக்கவில்லை. புழுக்கமில்லாத அத்தகைய காலைகளில் காது கூர்மையாக இருக்கும். முக்கியமான வேலைகளை நான் அப்போதுதான் செய்வேன்.

கீழ வீதியில், ஒரு மாடியறையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். ஜான்சி தன் இரண்டாவது ஆல்பத்தை என்னிடம் ஒப்படைத்திருந்தாள். முதல் ஆல்பத்தைக் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில், தானே எழுதி, தானே கிட்டார் வாசித்து, கைப்பேசியிலேயே பதிவுசெய்தவள் அவள். அதில் மீன்காரரின் கூவலும் குக்கர் விசிலும் கேட்கும். கேட்டவர்கள் அவற்றைத்தான் மிகவும் விரும்பினார்கள். ரசனை குறித்து நான் வாதிடுவதில்லை.

இரண்டாவதில் பதினொரு பாடல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் குரலாக அவளுடைய தாய் தங்கம்மாள் பாடினார். அவருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை அகற்ற நாள் குறித்திருந்தார்கள். டிசம்பரில் கடலூரிலிருந்து பேருந்தில் வந்து வந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே பாடி முடித்துவிட்டார். அந்தக் குரலை வைத்துக்கொள்வதற்காகவே இந்த ஆல்பம் என்று ஜான்சி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

தங்கம்மாள் பாடியதில் ஒரு குறை இருந்தது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர் ஓரடியைப் பாட, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பின்தொடர்வது வழக்கம். முப்பது ஆண்டுகள் அப்படிப் பாடியவர், மகளோடு சேர்ந்து பாட வேண்டிய இடத்திலும் காத்திருந்தே நுழைந்தார். சுட்டிக்காட்டினேன்.

“அவ சொல்லி முடிக்கட்டும் தம்பி, அப்புறம் நான் வரேன்,” என்றார். “இவ அப்பா பின்னாடியும் அப்படித்தான் நடந்தேன். என்னா, அவருக்கு வழிதான் தெரியாது.”

ஜான்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது. அதை அன்றே நீக்கினேன்.

பத்து நாள்கள் உட்கார்ந்து, தங்கம்மாளின் குரலை ஒவ்வோரிடத்திலும் சற்று முன்னே நகர்த்திப் பார்த்தேன். சொற்கள் பொருந்தின, மூச்சு பொருந்தவில்லை. திருத்த முடியாததை வைத்திருப்பது கேட்பவர்களுக்கு இழைக்கும் அநீதி. பதினொரு பாடல்களிலிருந்தும் அவர் குரலை அழித்தேன். நான் பிரதி எடுத்து வைப்பதில்லை. அது முடிவெடுக்கத் தெரியாதவர்களின் பழக்கம்.

பிப்ரவரி 26 அன்று இருவரும் கேட்க வந்தார்கள். தங்கம்மாள் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். அவருக்கு நானே ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஒவ்வோர் அடி முடிந்ததும் முகத்தைச் சற்று உயர்த்தி, உதடு பிரித்துக் காத்திருந்தார். ஏழாவது பாடலில் ஹெட்ஃபோனைக் கழற்றி மகளின் மடியில் வைத்தார்.

“அம்மா எங்க, அண்ணா?” என்றாள் ஜான்சி.

பொறுமையாகவே விளக்கினேன்.

“எப்ப அழிச்சீங்க?”

“சனவரி 21, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.40,” என்றேன்.

“அன்னைக்கு ஒம்போது மணிக்கு அம்மாவ ஆப்ரேஷனுக்கு உள்ள கூட்டிப் போயிட்டாங்கன்னு ஒங்களுக்குப் போன் பண்ணேனே.”

உண்மைதான். அந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன். அதற்கு முன்பே அழித்திருந்தால் தங்கம்மாள் மீண்டும் பாட வந்திருப்பார். வேண்டாமென்று மறுப்பது எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அறுவை சிகிச்சை கடைசி நேரத்தில் தள்ளிப்போகவும் கூடும் என்பதால், மேலும் ஒரு மணி நாற்பது நிமிடம் பொறுத்தேன்.

ஜான்சி மடியிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அம்மா இல்லாத பாட்டு எனக்கு வேணாம். என்னுதையும் அழிச்சிடுங்க. பதினொண்ணும்.”

வாய்ச்சொல்லை நம்பி ஒருவரின் குரலை அழிப்பது முறையன்று; எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டேன். கிட்டார்ப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினாள். தங்கம்மாள் படித்தார், வேண்டாமென்று தலையசைத்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். ஜான்சி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கையொப்பமிட்டாள்.

தாளை என்னிடம் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். மூன்று மாத உழைப்பு, பிசிறில்லாத குரல். இவ்வளவு இரக்கமின்றி ஒரு குரலை அழிக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.