கிளட்ச் மிதிக்கும் கால்

இந்த நாற்காலி எனக்கு வசதியாக இருக்கிறது. மற்ற இடங்களில் இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவேன். முழங்கால் மடங்காது, கணுக்கால் அசையாது. உங்கள் மேசைக்கு அடியில் நிறைய இடம் விட்டிருக்கிறீர்கள். டீயும் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்று வந்த உங்கள் உதவியாளர்மீது மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "வயசாயிடுச்சு, கை தவறிடுச்சு, அவ்வளவுதானே தாத்தா?" என்று கேட்டார். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. என் கை ஒருநாளும் தவறியதில்லை.

என் கூட்டாளி நெகிஷியும் ஆஸ்பத்திரியில் உங்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறான். என் பெயரைச் சொல்லி, குவபாரா தெரியாமல் செய்துவிட்டான், யார்மேலும் புகார் இல்லை என்று. அதனால்தான் நான் பேச வேண்டியதாகிவிட்டது.

நானும் அவனும் மயெபாஷி நகரத்தில் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். மீசை முளைத்த வயசு. ஒருநாள் நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கியவன் அவன். முட்டுக் கொடுக்க மறந்தவனும் அவன். வண்டி என் இடது காலின்மேல் இறங்கியது. முதலாளி விசாரித்தபோது, மறந்தது நான்தான் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனை அன்றைக்கே விரட்டியிருப்பார்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கட்டிலருகே தரையில் நெற்றி பட விழுந்து அழுதான். "இனிமே நாம வாங்குற எந்த வண்டிலயும் கிளட்ச் இருக்காதுடா குவா. நான் ஓட்டுற வண்டிய நீயும் ஓட்டணும்" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெகுகாலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். அவனுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, எனக்கு அமையவே இல்லை. அகாகி மலையடிவாரத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டோம். இரண்டு கதவுள்ள ஒரு பழைய வண்டியைச் சேர்ந்து வாங்கினோம். நீண்ட மூக்கு, வரிசையாக ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர். துருப்பிடித்துக் கிடந்ததை நாங்களே பிரித்து, சுரண்டி, சாயம் அடித்து எழுப்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் ஏரிக்குப் போவோம். ஏறும்போது அவன் ஓட்டுவான், சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது நான் ஓட்டுவேன். என் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எதையாவது சொல்லச் சொன்னால் அந்த இறக்கத்தைத்தான் சொல்வேன்.

ஏரிக்கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். அவர்கள்தான் அவனைக் கெடுத்தார்கள். ஒருத்தர் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு சிலிண்டர வச்சுக்கிட்டு ஆட்டோமேட்டிக்கா? புலியப் புடிச்சுக் கட்டிப்போட்டுக் கஞ்சி ஊத்துறீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நெகிஷி சிரிக்கவில்லை. அன்று இறங்கும்போது வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

குளிர் தொடங்கிய சமயம், பட்டறையில் உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தான்.

"கியர மாத்திடலாம்னு இருக்கேன்டா. கையால போடுற கியர்."

"அப்ப நான்?" என்றேன்.

"நீ பக்கத்துல உக்காந்துக்க. நான் ஓட்டறேன். எத்தன நாளைக்குத்தான் நானும்..." என்று தொடங்கியவன் மீதியைச் சொல்லாமல் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தான்.

அந்த மீதியை நான் பலவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன். எப்படி முடித்தாலும் அவ்வளவு வருஷமும் அவன் என்னைச் சுமந்துகொண்டிருந்தான் என்றுதான் வந்தது. அது துரோகம். வேறு மெல்லிய சொல் இருக்கிறதா என்று யோசித்தேன், கிடைக்கவில்லை. அதற்குமேல், அந்த எஞ்சினில் உன்னைத் தவிர வேறு யாரையும் கைவைக்க விடமாட்டேன் என்று என்னிடமே சொன்னான். என்னிடம் இருக்கும் வண்டிச் சாவிக்கு வேலையில்லாமல் செய்யும் காரியத்தை என் கையாலேயே முடிக்கப் பார்த்தான்.

சரி என்றேன். வேலையை நன்றாகவே செய்தேன். ஆட்டோமேட்டிக் வண்டியின் கிராங்க் நுனியில் கியர் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் இருக்காது. அளவு பார்த்து ஒன்று கடைந்து போட்டேன். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை வெட்டிச் சமன் பார்த்தேன். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலை அந்த எஞ்சினுக்கென்றே நிறை பார்த்துத் தேய்த்தேன். பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து கிளட்ச் மிதியைக் கொண்டுவந்து பொருத்தி, கையால் அழுத்திப் பார்த்தேன். காலால் பார்க்க எனக்கு வழியில்லை அல்லவா.

இப்போது போல்ட். ஆட்டோமேட்டிக்கில் கிராங்கோடு சேர்வது மெல்லிய தகடு, அதற்குக் குட்டை போல்ட் போதும். ஃப்ளைவீல் கனமானது, நீள போல்ட் வேண்டும். இரண்டுக்கும் தலை ஒன்று, மரை ஒன்று. முடுக்கிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குட்டையைப் போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். மெதுவாகப் போனால் தாங்கும், ஏற்றத்தில் எஞ்சினை அலறவிட்டால் தாங்காது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறு அது. அப்படிச் செய்யாதே என்று நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். நீள போல்ட்டுகள் என் மேல்சட்டைப் பையில் இருந்தன. குட்டையானவற்றைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றாக முடுக்கினேன்.

முதல் ஓட்டத்துக்கு அவன் கூப்பிட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பயந்து பயந்துதான் ஓட்டினான். கியர் ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று என் தோளைத் தட்டினான். மேட்டில் ஏறும்போது, "இன்னும் மிதிடா. அந்த ஆறு சிலிண்டரும் பாடுறத நான் கேக்கணும்" என்றேன். மிதித்தான். நம் ஊர் வண்டியில் ஓட்டுபவன் வலப்பக்கம் உட்காருகிறான். கியர் பாக்ஸை ஒட்டி இருப்பது அவனுடைய இடது கால்தான், கிளட்ச் மிதிக்கும் கால். ஃப்ளைவீல் கழன்று, அதை மூடியிருந்த கூட்டை உடைத்துக்கொண்டு, தரைத் தகட்டைக் கிழித்து உள்ளே வந்தது. அவன் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தான். நான் கை பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தி, என் பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன். நான் இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டான்.

சீட்டில் இருந்த பூட்ஸ் தடத்தைப் பார்த்து, என் வலது கால் ஏன் சீட்டின்மேல் மடங்கி இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் கண் கூர்மையானது. குவாவுக்குக் கால் வலிக்கும், எப்போதும் அப்படித்தான் மடக்கி உட்காருவான் என்று நெகிஷி சொல்லியிருக்கிறான். ஐயா, எனக்கு வலிக்கும் கால் இடது. அது மடங்கவே மடங்காது. அன்று நான் எடுத்து மேலே வைத்துக்கொண்டது நல்ல காலை. என் பக்கத்தில் கியர் பாக்ஸை ஒட்டி இருந்தது அதுதான். அவனுக்கு இது தெரியும். அவனுக்குப் பொய் சொல்ல எப்போதும் வராது. அன்றைக்கு முதலாளியிடம் நான் சொன்ன பொய்க்கு இந்தப் பொய் சரியாகிவிட்டது என்று நினைக்கிறான் போலிருக்கிறது. ஆனால் என்னைக் கைதவறியவன் என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை.

என்னைப் பார்க்க மாட்டேன் என்று அவன் சொன்னதாகச் சொன்னீர்கள். வலியில் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும். அவன் வலது காலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டோமேட்டிக் ஓட்ட அது ஒன்று போதும். பழைய கியர் பாக்ஸைக் கழற்றிய அன்றே சுத்தம் செய்து, புது சீல் போட்டு, போர்வையில் சுற்றிப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். கூடும் தரையும் சரிசெய்து அதைத் திரும்ப மாட்டக் கொஞ்ச நாள் பிடிக்கும். அவன் வருவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் நான் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் நல்லது.