பின்னால் யாருமில்லை

இரவு இரண்டு மணி. வயோமிங் மாநிலத்தில், எண்பதாம் நெடுஞ்சாலையில் லாரமி ஊரைத் தாண்டி மேற்கே... முன்னால் ஒரு விளக்கில்லை, பின்னால் ஒரு விளக்கில்லை. காற்று மட்டும். அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாரமில்லாத லாரியைப் படுக்கப் போட்டுவிடும்.

அந்த மூலை விளக்கை அணைத்துவிடுங்கள். ரோலண்ட், இளிக்காதே. நாளைக்கு வீடு மாற்றப்போகிறவன் நீ. வாசலில் நிற்கும் வாடகை லாரியும் நீயே ஓட்டிப்போக எடுத்ததுதான். சாலையில் லாரியை நிறுத்தி எடை பார்க்கிற எடை மேடையெல்லாம் சரக்கு லாரிக்காரனுக்கு, நமக்கெதற்கு என்று சற்றுமுன் பெரிய வக்கீல் மாதிரி பேசினாயே... அதையே அட்சரம் பிசகாமல் பேசிய ஒருவனின் கதைதான் இது. நடந்தது, என்னோடு கிடங்கில் வேலை பார்த்த மார்லாவின் பெரியம்மா மகளுக்கு. கொரீன் என்று பெயர்.

கொரீனின் புருஷன் ஹார்லன். உலகத்தில் தன்னைத் தவிர மற்ற எல்லாரும் மடையர்கள் என்ற நினைப்பு அவனுக்கு. ராக் ஸ்பிரிங்ஸில் ஒரு டயர் கடைக்கு மேலாளராகப் போகிறான். டயர் கடைக்குத்தான். அவன் பேசுவதைக் கேட்டால் மாநிலத்துக்கே ஆளுநராகப் போகிறான் என்று நினைப்பீர்கள். அதற்காகத்தான் நார்த் பிளாட்டில் இருந்த வீட்டைக் காலி செய்து, வாடகை லாரியில் சாமான் ஏற்றினார்கள்.

கூட ஒருத்தன் உண்டு. கொரீனின் தம்பி லைல். முப்பதைத் தாண்டியவன், பெரிய உடம்பு, பேச்சு திக்கும். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அவர்களுடைய அம்மா முதியோர் இல்லத்துக்குப் போன அன்று அவன் கையை எடுத்துக் கொரீன் கையில் வைத்தாள். "இவன எங்கயும் விட்டுடாதடி" என்றாள். கொரீன் சரி என்றாள். அவள் வாழ்க்கையில் காப்பாற்றியே தீர வேண்டிய வாக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

குளிர்பதனப் பெட்டியைத் தனியாளாக முதுகில் தாங்கி ஏற்றியவன் லைல். கட்டில், பீரோ, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாமே அவன்தான். ஹார்லன் காபிக் கோப்பையோடு நின்று, "இந்தப் பக்கம்டா எருமை, அந்தப் பக்கம்" என்று கை காட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து புறப்படும்போது இருட்டி வெகுநேரமாகிவிட்டது. விடிந்ததும் லாரியைத் திருப்பித் தர வேண்டும். லைல் முன்னால் ஏறப் போனான். நடு இருக்கையில் ஹார்லனின் பெரிய டிவி உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தான்.

"அவன் எங்க உக்காருவான்?" என்றாள் கொரீன்.

"பின்னால. மெத்தை கிடக்குல்ல."

"ஆள சாமானோட வச்சுப் பூட்டக் கூடாது ஹார்லன். சட்டப்படி தப்பு. டிவிய பின்னால போடு."

"டிவி உடஞ்சிடும். இவன் உடைய மாட்டான்."

"ஆள வைக்கக் கூடாதுங்கறேன்."

"ஆளத்தான வைக்கக் கூடாது?" என்றான் ஹார்லன். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

லைல் தரையைப் பார்த்தான். "ப... பரவால்லக்கா. தூங்கிட்டே வந்துடுவேன்" என்றான்.

வாடகை லாரியில் ஓட்டுநர் தலைக்கு மேலே பின்பெட்டியின் பரண் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து அதைத் தட்டினால் முன்னால் நன்றாகக் கேட்கும். கொரீன் ஒரு ஏற்பாடு செய்தாள். "ரெண்டு தட்டு தட்டுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம். மூணு தட்டுனா கதவத் தெறன்னு அர்த்தம். சரியா?" ஒரு குடுவையில் சூடான சூப்பும் தடித்த கம்பளியும் கொடுத்தாள். ஹார்லன் ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினான். சாவி அவன் சட்டைப் பைக்குள் போனது.

வயோமிங் எல்லையைத் தாண்டியதும் முதல் எடை மேடை வந்தது. பலகையில் விளக்கெரிகிறது... திறந்திருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், வாடகை லாரிகள் உட்பட எல்லா லாரிகளும் உள்ளே வரவும். சரக்கு லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"நாமளும் போகணும்" என்றாள் கொரீன்.

"அது சரக்கு லாரிக்காரனுக்கு. இது என் வீட்டுச் சாமான். அந்த மாட்டு மந்தையோட நானும் போய் நிக்கணுமா?" வேகத்தைக் கூட்டினான் ஹார்லன். சட்டம் தெரிந்து சொன்னதில்லை அது. உள்ளே போனால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், லைல் மாட்டுவான், அபராதம் விழும். பயத்தைத் திமிராக மாற்றிப் பேசுவதில் அவன் கெட்டிக்காரன்.

தலைக்கு மேலே... டொக், டொக். நல்லா இருக்கேன்.

யாரும் துரத்தவில்லை. "பாத்தியா?" என்றான் ஹார்லன். ஷயான் போனது, லாரமி போனது. பனித்தூள் மாவு இறைத்த மாதிரி சாலையில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவ்வப்போது மேலே இரண்டு தட்டு. கொரீன் ஒவ்வொரு முறையும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போதுதான் கண்ணாடியில் சிவப்பும் நீலமும்...

போலீஸ் கார். சைரன் இல்லை. கிட்டேயும் வரவில்லை, எட்டியும் போகவில்லை. ஹார்லன் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது, குறைத்தால் குறைத்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வீட்டில் புலி, வெளியில் எலி. முன்னால் ஒரு பலகை. எடை மேடை, திறந்திருக்கிறது. மஞ்சள் குண்டு பல்புகளால் எழுதிய பழைய காலத்துப் பலகை, அதிலும் ஓர் எழுத்து எரியவில்லை. கொரீன் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறாள். அங்கே ஓர் எடை மேடை இருந்து அவள் பார்த்ததில்லை.

வண்டியை உள்ளே திருப்பினான். கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் எதுவுமில்லை.

இரும்புத் தகட்டின்மேல் சக்கரம் ஏறியது. டங்... டங்... அந்த நொடியே காற்று நின்றுவிட்டது. மூடிய அறைக்குள் வந்த மாதிரி. ஈர இரும்பு வாசம், கருகிய காபி வாசம். பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, உள்ளே மங்கலான வெளிச்சம். ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே வெளிச்சம் எட்டவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. "கொஞ்சம் முன்னால... நில்லுங்க. எத்தன பேரு?"

"ரெண்டு பேர் சார்" என்றான் ஹார்லன். அந்த 'சார்' அவன் வாயிலிருந்து வந்ததைக் கொரீன் அதுவரை கேட்டதில்லை.

"பின்னால?"

"வீட்டுச் சாமான்தான்."

மேலே... டொக், டொக்.

"என்ன சத்தம்?"

ஹார்லன் இருமினான். "ஒண்ணுத்துக்கும் உதவாத பழைய சாமான் சார் அது. உருண்டுட்டு கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல என் பொண்டாட்டிக்கு."

"பின்னால யாருமில்லையா?"

"யாருமில்ல."

கரகரப்பு. "அம்மா, நீங்க சொல்லுங்க."

கொரீன் வாயைத் திறந்தாள். டிவிக்கு மேலாகக் கையை நீட்டி, ஹார்லன் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான். சொன்னால் சண்டை. சொன்னால் இந்தக் குளிரில் லைலை நடுவழியில் இறக்கிவிட்டாலும் விடுவான். சொல்லாவிட்டால் இன்னும் சில மணி நேரம், அவ்வளவுதான். இப்படியெல்லாம் கணக்குப் போட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா வாயே தெறக்கல. அதையும் எழுதிக்கிட்டேன்" என்றது ஒலிபெருக்கி. பிறகு, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்... "பின்னால யாருமில்ல. போகலாம்."

பச்சை விளக்கு எரிந்தது. தகட்டை விட்டு இறங்கியதும் லாரி லேசாக எம்பியது. மூட்டை இறக்கிய வண்டி எம்புமே, அப்படி. காற்று மறுபடி வந்து மோதியது.

மேலே... டொக், டொக், டொக்.

"நிறுத்து. மூணு தட்டறான்."

"மூத்திரம் முட்டுதா இருக்கும். அடக்கட்டும்."

டொக், டொக், டொக். டொக், டொக், டொக்.

"ஹார்லன், சாவியக் குடு!"

"அந்தத் தடியனுக்காக இந்தக் காத்துல நான் எறங்கணுமா? அவன் மூஞ்சிக்கு?" ஹார்லன் வானொலியைச் சத்தமாக வைத்தான். பாட்டு வரவில்லை, வெறும் கரகரப்பு. அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினான், பாவி. ராலின்ஸ் ஊர் நெருங்கும்வரை மூன்று மூன்றாகத் தட்டு வந்தது. போகப் போக மெதுவாக. அப்புறம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் என்று கொரீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவளையும் நான் சும்மா விடமாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திருக்கலாம். டிவியின் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டிருந்தாலும் அவன் நிறுத்தியிருப்பான்.

விடியும் நேரத்தில் ராக் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் ஒரு நிஜ எடை மேடை. ஒரு பெண் அதிகாரி சாலையோரம் நின்று கை காட்டிவிட்டாள், தப்பிக்க வழியில்லை. லாரி நின்றதுதான் தாமதம், கொரீன் குதித்து ஓடினாள். "தெறங்க! பெட்டியத் தெறங்க! என் தம்பி உள்ள இருக்கான்!"

ஹார்லன் இறங்கி வந்தான். "எந்தத் தம்பி?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. மார்லாவிடம் கொரீன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அவன் முகத்தில் பொய் இல்லை. எப்போதும் இருக்கும் ஏளனம் மட்டும் இருந்தது. "இவளுக்குத் தூக்கம் பத்தல மேடம். தம்பியாம்!"

பூட்டைத் திறந்தார்கள். அதுவரை அது பூட்டியபடியேதான் இருந்தது. உள்ளே மெத்தை. மெத்தையில் பெரிய உடம்பு படுத்த பள்ளம், அதில் கொரீன் கை வைத்தாள்... கதகதப்பு. குடுவையின் மூடி திறந்திருந்தது, சூப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது. லைல் இல்லை.

அந்த அதிகாரி நல்லவள். ஆட்களை வைத்து எல்லாச் சாமானையும் கீழே இறக்கினாள். பீரோவுக்குள் பார்த்தாள், பரண்மேல் டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை. ஓட்டுநர்கூட இல்லாமல் வெறும் லாரியை மேடையில் நிறுத்தி எடை பார்த்தாள். காலி லாரிக்கு உரிய எடைக்கு மேல், ஒரு பருத்த ஆளின் எடை காட்டியது. லாரியை இறக்கி மறுபடி ஏற்றினாள். அதே எடை. "மெஷின் கோளாறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

கொரீன் அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா சிரித்தாள். "காலங்காத்தால என்னடி விளையாட்டு? எனக்கு நீ ஒரே பொண்ணுதான?"

டிவி பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். லாரியைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு யாருக்கோ, வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது. ஹார்லன் இன்றைக்கும் ராக் ஸ்பிரிங்ஸில்தான் இருக்கிறான். பெண்டாட்டி பைத்தியம் பிடித்து ஓடிவிட்டாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறானாம்.

ஓடித்தான் போனாள். ஊர் ஊராக. போன இடமெல்லாம் ஒரு வாடகை லாரியை எடுப்பாள். சாமான் எதுவும் ஏற்ற மாட்டாள். நேரே எடை மேடைக்கு ஓட்டிப் போய் எடை போடுவாள், எடை சரியாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியை எடுப்பாள். காலி லாரியை எடை போடுகிற கிறுக்கி என்று எடை மேடைகளில் அவளைத் தெரியும். சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் அயோவாவில் ஓர் இடத்தில் எடை இடித்தது. ஒரு ஆள் எடை இல்லை... அதற்கும் மேலே, எவ்வளவோ மேலே. லாரியை ஒதுக்குப்புறமாக நிறுத்தினாள். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு உள்ளே ஏறினாள். வெறும் பெட்டி. கோடி வரைக்கும் நடந்து போய்ப் பரணில் கை வைத்து, டொக், டொக் என்று தட்டினாள். "லைல், அக்காடா" என்றாள்.

பலகையில் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம் அவள் உள்ளங்கைக்கு நேர் எதிரே... டொக், டொக். நல்லா இருக்கேன். அத்தனைக்குப் பிறகும் அவன் அதைத்தான் சொன்னான். கொரீன் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுகை அடங்கும்போது இடதுபக்கச் சுவரில் கேட்டது. டொக், டொக், டொக். பிறகு வலதுபக்கம். பிறகு அவள் காலடியில் தரையில். சின்னக் கை, பெரிய கை... 'பின்னால யாருமில்ல' என்று எங்கெங்கோ எழுதப்பட்டவர்களின் கைகள், எத்தனை என்று தெரியவில்லை. எல்லாமே மூன்று. கதவைத் திற, கதவைத் திற, கதவைத் திற...

கொரீன் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது.